பிரஸ்ஸுக்குள் துளிர்த்த கள்ளி

ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியின் தாவரவியல் லேபில் அட்டெண்டராக முப்பது வருஷம் நின்றே கழித்தவன் நான். கால் வலியைத் தவிரப் பெரிதாக எதையும் வீட்டுக்குக் கொண்டு வரவில்லை. செய்த தப்பு ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். புதிதாக லேபுக்கு வருகிறவர்களுக்கு உதவும்.

ஜெபராணி என்று ஓர் ஆராய்ச்சி மாணவி, வ. புதுப்பட்டிக்காரி. செண்பகத்தோப்புக் காட்டில் மாமரத்தில் தொற்றித் தொங்கிய செடி ஒன்றைப் பார்த்து வந்து, அது கள்ளி என்றாள், அதன் பெயரையும் சொன்னாள். எங்கள் ஹெச்.ஓ.டி.க்குப் பாசிதான் பாடம். மற்றதில் பிடிவாதம்தான் அதிகம்.

“கள்ளின்னா முள்ளு வேணும்ல. இது தட்டை இலையா மரத்துல தொங்குது. ஆர்கிட்னு எழுதிட்டுப் போம்மா.”

“இலை இல்ல சார், தண்டு. ஓரத்துப் பள்ளத்துல மொட்டு வந்திருக்கு. இலையில மொட்டு வராதுல்லா.”

“பூவைக் கொண்டா. பார்த்துட்டு ஒத்துக்கிடுதேன்.”

அந்தப் பூ ராத்திரி விரிந்து விடியுமுன் வாடிவிடும். வனத்துறையில் அனுமதி வாங்கி, அப்பாவோடு மரத்தடியில் விழித்திருந்து பறித்து, காலையில் என்னிடம் கொடுத்தாள். அவளுக்குப் பரீட்சை ஹாலில் டூட்டி.

“அண்ணே, பூவைத் தனியா ஸ்பிரிட்ல போட்டுருங்க. தண்டைக் கொதிக்கிற தண்ணியில முக்கிட்டுப் பிரஸ் பண்ணுங்க. இல்லன்னா அது சாகாது.”

அன்று லேபில் மூன்று பேர் வேலைக்கு நான் ஒருவன். பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று இரண்டையும் அப்படியே பேப்பருக்குள் வைத்து, செடியை அழுத்திக் காயவைக்கும் பிரஸ்ஸின் பெல்ட்டை இறுக்கினேன். அதோடு மறந்தும் போனேன்.

பத்து நாள் கழித்து அவளே பிரித்தாள். பூ கறுத்துக் கூழாகிப் பேப்பரோடு ஒட்டியிருந்தது. தண்டு பச்சையாகவே இருந்தது. பள்ளத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெளுத்த துளிர்.

“இம்புட்டு இறுக்கத்துலயும் உசுரோட இருந்திருக்குண்ணே” என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

துளிரைப் பார்த்ததும் அது தண்டுதான், கள்ளிதான் என்று ஹெச்.ஓ.டி. ஒத்துக்கொண்டார். ஆனால் எந்தக் கள்ளி என்று உறுதி செய்யப் பூ வேண்டும். அடுத்த பூவுக்கு ஒரு வருஷம், தீசிஸ் கொடுக்க ஒரு மாதம். தெரிந்த பெயரை எழுத முடியாமல், ‘கள்ளிக் குடும்பம், இனம் உறுதியாகவில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். அலுப்பு என்னுடையது, நஷ்டம் அவளுடையது. அடுத்தவர் சேகரித்ததை வாங்கினால், கால் எவ்வளவு கடுத்தாலும் கையோடு முடித்துவிடுங்கள்.

அந்தத் தண்டை ஜன்னலோரம் தொட்டியில் நட்டேன். மூன்றாம் வருஷம், நான் ஓய்வு பெறும் சமயம், மொட்டு விட்டது. லேபிலேயே விழித்திருந்து, விரிந்ததும் பூவை வெட்டி ஸ்பிரிட்டில் போட்டேன். தண்டைக் கொதிநீரில் முக்கினேன். காலையில் ஹெச்.ஓ.டி. நீண்ட குழலையும் கொத்துக் கொத்தான மகரந்தத் தாள்களையும் புத்தகத்தோடு ஒப்பிட்டு, ‘எபிஃபில்லம் ஆக்ஸிபெட்டலம்’ என்று லேபிளில் எழுதச் சொன்னார். பிரம்ம கமலம் என்று வீடுகளில் வளர்க்கிறார்களே, அதுதான். ஜெபராணி முதல் நாளே சொன்ன பெயர்.

‘சேகரித்தவர்’ என்ற இடத்தில் அவள் பெயரை எழுதினேன்.

“முழிச்சிருந்து பறிச்சது நீரு. அவ பேர எழுதுதீரு?”

“அந்தப் பிள்ள கொண்டாந்ததுதான் சார். ஸ்பிரிட்ல போட எனக்குத்தான் மூணு வருஷம் ஆயிட்டு.”