சத்தம் வராமல் ஒரு கூவல்

காய்கறிச் சந்தையில் ஏலம் கூவுகிறவருக்கு ‘ஸ்பீக்கர்’ என்று பட்டப்பெயர் வைத்தது யாரோ தெரியாது. காது போன எவனாவது வைத்திருப்பான். மரப்பெட்டிமேல் ஏறி நின்று “தக்காளீ...” என்று ஓர் இழுப்பு இழுத்தாரென்றால், பச்சைக்காய்கூடப் பயந்துபோய்ப் பழுத்துவிடும். வீட்டில் உப்புக் கேட்டால் அடுத்த தெருக்காரி உப்பு ஜாடியோடு ஓடி வருவாள்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் வாந்தியும் பேதியுமாகப் போய், பிழிந்துபோட்ட துணி மாதிரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். இரண்டு கையிலும் ஊசி குத்தாத இடமில்லை. நரம்பெல்லாம் கடன்காரனைக் கண்டவை போல உள்ளே போய் ஒளிந்துகொண்டன. நேற்றிலிருந்து ஒரு சொட்டு மூத்திரமும் இல்லை.

டாக்டரம்மா வந்து பார்த்தார். “கையில இனிமே இடமில்ல. கழுத்து நரம்புல டியூப் போட்டுத்தான் தண்ணி ஏத்தணும். தள்ளிப்போட்டா கிட்னி போயிடும்.”

கழுத்து என்றதும் ஸ்பீக்கருக்கு மிச்சமிருந்த ஈரமும் வற்றிவிட்டது. மூட்டை தூக்குகிற மச்சினன் தைரியம் சொல்ல வந்தான்.

“பயப்படாதீங்க மாமா. கழுத்துன்னா சட்டுன்னு முடிஞ்சிடும். ஆட்டுக்குக்கூட அங்கதானே...”

“வாயை மூடுறா, செருப்பு பிஞ்சிடும்!” என்றாள் அவன் அக்கா. புருஷன் பக்கம் குனிந்தாள். “நான் வாசல்லயே நிக்கிறேங்க.”

“நான் போயிட்டேன்னா?”

“எங்கிட்டச் சொல்லாம என்னைக்குங்க போயிருக்கீங்க?”

உள்ளே கொண்டுபோய்க் கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தினார்கள். முகத்தை இடதுபக்கம் திருப்பி நீலத்துணி போட்டு மூடினார்கள். பிணத்துக்குப் போடுவதுபோல் இருந்தது. மூச்சு முட்டுகிறது என்றதும் நர்ஸ் துணியின் ஓரத்தைத் தூக்கிவிட்டாள். அந்தச் சந்தில் ஸ்கேன் திரை தெரிந்தது. கழுத்தில் சில்லென்று ஏதோ கொழகொழப்பு. அதன்மேல் சோப்புக்கட்டி அளவில் ஒரு கருவி.

“கறுப்பா ஒரு வட்டம் குதிக்குது பாருங்க, அது மூளைக்கு ரத்தம் போற குழாய். அதைத் தொடக்கூடாது. பக்கத்துல இருக்கிறதுதான் நமக்கு வேணும்” என்று திரையைக் காட்டினார் டாக்டரம்மா.

“தொட்டுட்டா?”

“பாத்துக்கிட்டேதான் குத்துவேன்.”

தொடக்கூடாதது யானைக்கண் மாதிரி முழித்துக்கொண்டு குதித்தது. வேண்டியதோ வெறும் கோடு. கருவி லேசாக அழுத்தியதும் அந்தக் கோடும் மறைந்தது.

“காணோமே” என்றார் டாக்டரம்மா, தனக்குத்தானே.

கழுத்துக்குப் பக்கத்தில் ஊசியோடு நிற்கிறவர் சொல்கிற வார்த்தையா அது?

“ஐயா, மூச்சை இழுத்து அடக்கி, முக்குங்க. நரம்பு விரியும்.”

பயத்தில் மூச்சு துண்டுதுண்டாகத்தான் வந்தது. பலமாக முக்கினால் பேதி வேறு கிளம்பிவிடுமோ என்ற பயம் தனி.

“என்ன வேலை பாக்குறீங்க?”

“சந்தையில... ஏலம் கூவுறேன்.”

“அப்ப கூவப்போற மாதிரி மூச்சைக் கட்டுங்க.”

கட்டினார். கட்டிய மூச்சைக் கூவாமல் விட்டுப் பழக்கமில்லையே! “தக்காளீ...” என்று அறை அதிரக் கிளம்பிவிட்டது. நர்ஸ் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. வெளியே மச்சினன், பழக்கதோஷத்தில், “எத்தனை பெட்டி மாமா?” என்றான்.

டாக்டரம்மா கையைப் பின்னால் இழுத்திருந்தார். “ஊசி உள்ள இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?” என்று மெதுவாகக் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. “ஆனா நரம்பு திராட்சைப்பழம் மாதிரி வந்துச்சு. அதே மாதிரி இன்னொரு தடவை. சத்தம் கூடாது. கழுத்து அசையக்கூடாது.”

இப்போது அவருக்கு ஊசியைவிடத் தன் தொண்டைமேல்தான் பயம். மூச்சை இழுத்துக் கட்டினார். கோடு திறந்து வட்டமாயிற்று. மருந்து போட்டு மரத்துப்போன இடத்தில் ஓர் அழுத்தம். திரையில் ஒரு வெள்ளைப்புள்ளி இறங்கியது. ஒரு மயிரிழை தள்ளி அந்த யானைக்கண் குதித்தது. சந்தை மொத்தமும் தொண்டையில் வந்து முட்டியது. பல்லைக் கடித்தார். தலை தாழ்ந்து கிடந்ததால் கண்ணீர் நெற்றிக்கு ஓடியது.

“வந்துடுச்சு” என்றார் டாக்டரம்மா. உள்ளே மெல்லிய கம்பி போனது. நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. நெஞ்சுத்துடிப்பு பார்க்கிற மிஷின் தாளம் தப்பிக் கத்தியது. “ஒண்ணுமில்ல, கொஞ்சம் ஆழமாப் போச்சு, இழுத்துட்டேன்.” என்ன ஆச்சு என்று கேட்கிற ஸ்பீக்கர் பயத்திலேயே செத்து வெகுநேரமாகிவிட்டது.

டியூப் போட்டுத் தையலும் முடிந்தது. தண்ணீர் திறந்த குழாய் மாதிரி உள்ளே ஓடியது.

மனைவி வந்தபோது கண்ணைக்கூட அசைக்காமல் கிடந்தார். உதடு மட்டும் அசைந்தது.

“ஐயோ, குரலை எடுத்துட்டாங்களா?” என்று அலறினாள் அவள்.

“கத்தாதடி... அதிர்ந்தா புடுங்கிக்கும்” என்றார், எறும்புக்கு மட்டும் கேட்கும்படி.

சாயங்காலம் மறுபடியும் உதட்டை அசைத்தார்.

“என்னங்க? கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லுங்களேன்!” கல்யாணமாகி முதல்முறையாக அவள் வாயில் வந்த வார்த்தை.

அவர் பயந்து பயந்து மூன்றாம் தடவை முணுமுணுப்பதற்குள் கட்டில் மூத்திரத்தில் நனைந்துவிட்டது. நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டரம்மாவோ ஈர விரிப்பைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக நின்றார்.