கன்னியம்மா போட்ட பூட்டு

கன்னியம்மா போய்விட்டாள். எதிர்வீட்டு இட்லிக் கடை கன்னியம்மா... காலையில் அடுப்பு மூட்ட எழுந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாளாம்.

அழுகை வரும் என்று பார்த்தேன். சிரிப்புதான் வருகிறது! அவளை நினைத்தாலே அப்படித்தான்.

வீட்டில் இருந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளைகள் எல்லாம், கவனம் சிதறுது, வேலையே ஓடலை என்று இங்கே எழுதுகிறீர்களே... நான் அந்தக் காலத்திலேயே ஒர்க் ஃப்ரம் ஹோம்தான். வீட்டுக்குள் பட்டுத்தறி.

நெய்வது கஷ்டமில்லை. "வூட்லதானே கீற" என்று வந்து உட்காருகிற ஜனம்தான் பேஜார். சீட்டுக்காரி ஒருத்தி, ஜாக்கெட் அளவு கேட்டு ஒருத்தி, டிவி பார்க்க ஒருத்தி.

அவர்கள் பேச்சுக்குத் தலையாட்டினால் கரையில் தப்பு விழும். பிரித்துவிட்டு மறுபடி நெய்ய வேண்டும்.

அப்படியே புடவைகள் தள்ளிப் போயின. தொண்ணூறுகளில் ஒரு கல்யாண சீசன்... முதலாளி வாசலில் நின்று சொல்லிவிட்டார்: "இந்த முகூர்த்தப் பொடவ வெள்ளிக்கெழம சாயங்காலம் வரலன்னா, பாவ அவுத்துகினு போய் வேற தறிக்குக் குடுத்துடுவேன்."

பாவு என்றால் தறியில் நீளமாக ஏற்றியிருக்கும் நூல்; அது போனால் தறி காலி. தறி காலியானால் எங்கள் வீட்டு அடுப்பும் காலி.

மறுநாள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும், கன்னியம்மா பூட்டோடு வந்தாள். "உள்ள போய் உக்காரு மல்லி. நான் வெளிய பூட்டிகினு போறேன். பூட்டின வூட்டுக்கு எவ வருவா?"

ஆஹா, என்ன மூளை! தெருவெல்லாம் தறிச் சத்தம், எது எந்த வீட்டுச் சத்தம் என்று யார் கண்டார்கள்? வந்தவள் எல்லாம் பூட்டைப் பார்த்துத் திரும்பினாள். என் கை பறந்தது!

வெள்ளிக்கிழமை மதியம். முந்தானை முடிய இன்னும் கொஞ்சம்தான். அப்போதுதானா தேசூரில் இருந்து என் நாத்தனார் வர வேண்டும்...

"மல்லிகா கோயிலுக்குப் போய்கீறாக்கா. வா, இட்லி துன்னு" என்றாள் கன்னியம்மா.

நாத்தனார் குரல் கேட்டதும் பயந்துபோய்த் தறியை நிறுத்தினேன். அதுதான் தப்பு.

"இன்னாடி இது, நான் பேசினதும் உள்ள தறி நின்னுச்சு?"

"கரண்டு போயிருக்கும்க்கா."

கன்னியம்மா களம்பூர் ரைஸ் மில் பக்கத்தில் வளர்ந்தவள். எது நின்றாலும் அவளுக்குக் கரண்டு போனதுதான். எங்கள் வீட்டில் இருந்ததோ கைத்தறி!

"கைத்தறிக்கு எதுக்குடி கரண்டு? என் தம்பி பொண்டாட்டி உள்ளதான் கீறா. குடு சாவிய!"

"இந்தா, எடுத்துக்கோ" என்று சாவியை இட்லி மாவு அண்டாவுக்குள் போட்டுவிட்டாள் கன்னியம்மா. மூடியிருந்த ஜன்னலை லேசாகத் திறந்து பார்த்த நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"ஏ மல்லி! அங்க இன்னா வேடிக்க? ஓட்டுடி தறிய!" கன்னியம்மா போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

ஓட்டினேன். நாத்தனார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு திட்டத் திட்ட ஓட்டினேன். அவள் திட்டின ஒரு வார்த்தையும் மறக்கவில்லை... திட்டி முடித்து அதே கடையில் இட்லி தின்றதையும் மறக்கவில்லை.

சாயங்காலம் முதலாளி வந்தபோது கன்னியம்மா கையை முழங்கை வரை மாவில் விட்டுச் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தாள். மாவு சொட்டச் சொட்டக் கதவு திறந்தது.

புடவை ரெடி! பாவு எங்கள் தறியிலேயே தங்கியது.

அதோடு விட்டாளா? பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய், "அந்தப் பொடவய நெய்ஞ்சதே நாந்தான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். என்ன திமிர்!

அன்றைக்கு நிறுத்தினேன் அவளோடு பேச்சை. இரண்டாயிரம் பிறந்தும் பேசவில்லை.

ஆனால் தினமும் காலையில் வாசலில் 'க்ளிக்'. மதியம் வந்து திறப்பாள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. நானும் இந்தப் பக்கம் திருப்பிக்கொள்வேன்.

நெய்தது நான்தான் கன்னியம்மா. அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இப்போது தறியை விட்டு எழுந்து உன் வாசலுக்கு வருகிறேன். நாத்தனாரும் தேசூரில் பஸ் ஏறிவிட்டாளாம்... தறி ஏன் நின்றது என்று கேட்பாள். கேட்கட்டும், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

கரண்டு போயிடுச்சு, கன்னியம்மா.