ரஜிதாவின் உடைந்த பொம்மைகள்

என் தங்கை ரஜிதா எங்கள் தீவு நகரமான ஜார்ஜ்டவுனில் சிறுவர்களுக்கான சிகிச்சை நிலையம் ஒன்றில் உளவியலாளராக இருக்கிறாள். பெரிய அதிர்ச்சிக்கு ஆளான பிள்ளைகள்தான் அவளிடம் வருவார்கள். என்ன வேலை என்று யாராவது கேட்டால், பிள்ளைகளோடு விளையாடுவது என்பாள். அது உண்மைதான். வாயால் சொல்ல முடியாததைப் பிள்ளை பொம்மையை வைத்துக் காட்டிவிடும். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, தடுக்காமல், திருத்தாமல், பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். நான் பள்ளிப் படிப்பை மூன்றாம் படிவத்தோடு நிறுத்தியவள். நாலைந்து தடவை கேட்ட பிறகுதான் எனக்கு இது புரிந்தது.

போன வருஷம் இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மண் சரிந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் இரண்டு புதைந்தன. தப்பிய பிள்ளைகளைக் கவனிக்க அங்கே எட்டு ஆலோசகர்கள் இருந்தார்கள். விளையாட்டு வழியாகச் செய்யும் சிகிச்சை அவர்களுக்குத் தெரியாது. தமிழிலேயே சொல்லிக்கொடுக்க ஆள் தேடி ரஜிதாவைக் கேட்டார்கள். அவளுக்குக் கிடைத்த லீவு ஆறு நாள்.

"நான் திரும்பி வந்த பிறகு அவங்களே செய்யணும்க்கா. இல்லன்னா அந்தப் பிள்ளைங்களுக்கு யாரும் இல்ல," என்றாள்.

கிளம்பும் முன் பொம்மைப் பெட்டியை அக்கரையில் பிறை ஊரில் உள்ள என் வீட்டில் வைத்து, எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்துத் தரச் சொன்னாள். நான் இருபத்து நாலு வருஷமாக ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் பொருள்களைச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். குறை உள்ள எதுவும் என் மேசையைத் தாண்டிப் போகாது. பெட்டியில் நாற்பத்து மூன்று பொம்மைகள். பதினொன்று உடைந்தவை. இதைப் போய் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவாளா என்று எனக்கு வெட்கமாக இருந்தது. மாட்டுக்குக் கால் ஒட்டினேன். காருக்குச் சக்கரம் போட்டேன். வீட்டின் கூரை தனியாகக் கிடந்தது, அதை நல்ல பசை போட்டு ஒட்டினேன். சரிசெய்ய முடியாத நாலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கி வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. திறந்து பார்த்ததும் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் அங்கிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, கூரை இல்லாத வீடு எங்கக்கா?"

"ஒட்டி வச்சிருக்கேன்லா. நல்லாப் பாரு."

"மூணு கால் மாடு?"

"அதுக்கும் கால் போட்டாச்சு."

"ஃபேக்டரி வேலைய என் பெட்டியிலயும் காட்டிட்டீங்க," என்று சிரித்தாள். சிரிப்பு நீளவில்லை. வீடு போன பிள்ளை பல சமயம் முழு வீட்டைத் தொடாது, உடைந்ததைத்தான் எடுக்கும். அதற்காகவே அவற்றைப் பல வருஷமாகச் சேர்த்திருந்தாளாம். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் அவள் என் தவறை வீணாக விடவில்லை. அங்கே அவள் பட்ட பாடெல்லாம் ஆலோசகர்களைச் சும்மா இருக்கச் சொல்வதுதான். பிள்ளை பொம்மையைத் தள்ளினால் அவர்கள் எடுத்து நிமிர்த்தினார்கள். பிள்ளை அழுதால் மிட்டாய் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் ஒட்டிய வீட்டை மேசைமேல் வைத்து, என் அக்கா அன்பாகச் செய்த வேலை இது, நீங்கள் எல்லோரும் பிள்ளைகளிடம் செய்வதும் இதுதான் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஃபஸீலா என்ற ஆலோசகர் மட்டும் சிரிக்கவில்லை. குழுவிலேயே சும்மா இருக்க முடியாமல் மிகவும் கை துறுதுறுத்தவர் அவர்தான்.

மறுநாள் அவரிடம் ஒரு சிறுமி வந்தாள். அவள் பெயரை ரஜிதா எனக்குச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டாள். மண் சரிந்த நாளிலிருந்து பேசாத பிள்ளை. அவள் அந்த வீட்டையே எடுத்தாள். கூரையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. நகத்தால் கிள்ளினாள். உதவி செய்ய ஃபஸீலாவின் கை நீண்டது. ரஜிதா ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை பாதியில் நின்று மடிக்குத் திரும்பியது.

"இந்தக் கூரை வேணாம் உங்களுக்கு," என்று மட்டும் சொன்னார்.

சிறுமி வீட்டைத் தரையில் அடித்தாள். ஏழெட்டு அடியில் பசை விட்டது. பக்கத்தில் விளையாட வைத்திருந்த மணல் தட்டில் அதை வைத்து, மேலே மணலை அள்ளி அள்ளி மூடினாள். பிறகு இரண்டு கையாலும் தோண்டத் தொடங்கினாள்.

"அம்மா உள்ளுக்கு," என்றாள்.

"அம்மா உள்ளுக்கு," என்று ஃபஸீலாவும் சொன்னார். தோண்டி முடியும்வரை அவள் பக்கத்திலேயே இருந்தார்.

பிள்ளை குணமாகிவிட்டாள் என்று நான் எழுதினால் ரஜிதாவுக்குக் கோபம் வரும். அன்று மாலை முழுக்க அந்தச் சிறுமி அழுதாளாம். அடுத்த நாள் வந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. இனி வாரக்கணக்கில் ஒருவர் அவளுடன் இருக்க வேண்டும். ரஜிதாவுக்கோ விமானம் ஏறும் நாள் வந்துவிட்டது.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமை தோறும் மாலை ஆறு மணிக்கு ஃபஸீலா வீடியோவில் கூப்பிடுவார். முதல் வாரம் பதினான்கு கேள்வி வைத்திருந்தார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று ரஜிதா திருப்பிக் கேட்பாள். பதிலே சொல்லாத டீச்சரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அவர் அலுத்துக்கொள்வார்.

ஒன்பதாவது வாரம் நான் ஜெலுத்தோங்கில் ரஜிதாவின் வீட்டில் இருந்தேன். ஆறு மணி ஆனது, ஆறரை ஆனது. அழைப்பு இல்லை. அவள் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். ஏழு மணிக்கு ஒரு செய்தி வந்தது. புதிதாக மூன்று பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், அவர்களோடு உட்காரப் போகிறேன், இன்றைக்குக் கூப்பிட நேரமில்லை, மன்னிக்கவும் என்று ஃபஸீலா எழுதியிருந்தார். கேள்வி ஒன்றுகூட இல்லை.

ரஜிதா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு போனை என்னிடம் நீட்டினாள்.

"படிங்கக்கா," என்றாள்.