வால் ஒட்டும் சொற்கள்

நாற்பதை நெருங்கும் வயதில் ஜெர்மன் படிக்கிற கொடுமை யாருக்கும் வரவேண்டாம். காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் நர்ஸ். ஜெர்மனியில் வேலை கிடைக்க மொழித் தேர்வில் தேறணும். தேறினால் முதலில் நான் மட்டும் போகணும். என் வீட்டுக்காரர் வந்து சேர ஒன்றிரண்டு வருஷம் ஆகும்.

தமிழில் எந்தப் பெயராக இருந்தாலும் 'ஐ'யும் 'கு'வும் ஒட்டும், ஓரவஞ்சனை கிடையாது. ஜெர்மனில் ஆண்பால் சொற்களில் சிலது மட்டும், எழுவாயாக இல்லாத இடத்திலெல்லாம் ஒரு 'ன்' வாலை ஒட்டிக்கொள்ளும். அவற்றுக்குப் 'பலவீனமான ஆண்பால்' என்று பேர். பதினாறு வருஷமாக வார்டில் நான் பார்க்காத பலவீனமான ஆண்பாலா என்று முதல் நாள் சிரித்தேன். நோயாளி என்ற சொல்லும் அந்தக் கூட்டத்தில்தான். நோயாளி வந்தார் என்றால் 'பட்சியென்ட்'. நோயாளியைத் தூக்கினேன் என்றால் 'பட்சியென்டன்'. நாள் முழுக்கத் தூக்குகிறவளுக்கு அந்த வால் மட்டும் மனசில் நிற்கவில்லை.

ஷிப்ட் முடிந்து அமராவதிபுதூர் வீட்டுக்கு வந்ததும், சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பேன். தமிழ் எழுத்தில் நான் எழுதிவைத்த நோட்டைப் பார்த்து வீட்டுக்காரர் 'சரி', 'தப்பு' சொல்வார். பஸ்ஸில் கேட்கலாமென்று அதைப் போனில் பதிந்தும் வைத்தேன். பஸ்ஸில் ஏறினால் தூக்கம்தான்.

தேர்வில் எழுத்துத் தாளில் தோற்றேன். மறுநாள் பஸ்ஸில் தூக்கம் வராமல், பதிந்ததை எடுத்துக் கேட்டேன். என் குரல் வாலை விட்டுவிட்டு ஒப்பித்தது. அவர் குரல் 'சரி' என்றது. அடுத்ததற்கும் சரி. ஆரம்ப நாள்களில் 'தப்பு' இருந்தது. தேர்வு நெருங்க நெருங்க அதைக் காணோம்.

சாயங்காலம் கேட்டேன். "தெரிஞ்சேதான் சரின்னு சொன்னீகளா?"

"கண்ணு சொக்கிப்போயி உக்காந்திருந்த. தப்புன்னா மறுபடி முதல்லருந்து ஆரம்பிப்ப. தூங்கட்டும்னு விட்டேன்."

"அது மட்டுந்தானா?"

அவர் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது, சண்டை போடத்தான் தெம்பில்லை. போகாதே என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே என்று வருத்தமாக இருந்தது.

மறுபடி தேர்வுக்குப் பேர் கொடுத்தேன். நோட்டை அவரிடமே நீட்டினேன். மூன்றாவது சொல்லில் வாலை விட்டுவிட்டேன், எனக்கே தெரிந்தது. கண்ணைத் திறக்காமல் காத்திருந்தேன்.

"தப்பு," என்றார்.