கழுத்தைப் பிடித்த விரல்கள்

ஓலீனே ஹெக்லாண்ட் கண்ணாடிக் கூரையை அண்ணாந்து பார்த்து மழையைத் திட்டிக்கொண்டிருக்கிறார். பெர்கன் நகரில் புகைப்படம் எடுத்துப் பிழைக்கிற பெண்மணிக்கு இதுவும் வேலையில் சேர்த்திதான். "வெளிச்சம் இன்னும் படுக்கைய விட்டே எந்திரிக்கல. பெரிய மனுஷங்க மட்டும் டாண்ணு வந்துடறாங்க."

படத்தகடு நனைக்கும் வெள்ளிக் கரைசலில் ஊறிக் கறுத்துப்போன விரல்கள் அவருக்கு. தேவாலயத்துக்குக்கூடக் கையுறை போடமாட்டார். ஊரின் கிழட்டுப் பிரமுகர்கள் அத்தனை பேரும் அவர் முன்னால் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான். "ஐயா, பிடிக்காத ஆளு சபையில பேசறப்ப எப்படி இருப்பீங்க? அப்படியே இருங்க" என்பார். ஆசாமி கல்லாகிவிடுவார்.

அசையாமல் இருக்கப் பின்கழுத்துக்கு முட்டுக் கொடுக்கும் இரும்புத் தாங்கி ஒன்று உண்டு. மற்றவர்கள் எடுக்கும் படத்தில் அது எங்காவது எட்டிப் பார்த்துவிடும். அதன் அடிக்கட்டை தெரிந்து, நீதிபதி ஒருவருக்கு மூன்றாவது கால் முளைத்ததை ஊரே சொல்லிச் சிரித்தது. ஓலீனேயின் படத்தில் தாங்கி தெரியவே தெரியாது. அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. சாட்சிக்கு வாசல் கண்ணாடிப் பெட்டியில் உள்ள படத்தில் பிஷப் நிமிர்ந்து நிற்கிறார்.

இன்று வந்தவர் மோன்ஸ் அஸ்கெலாண்ட், நாடாளுமன்றத்தில் வெகுகாலம் முழங்கி ஓய்ந்தவர். நகர மன்றச் சுவரில் மாட்ட அவர் படம் வேண்டுமாம். முதுமையில் தலை லேசாக ஆடிக்கொண்டே இருந்தது. தாங்கியைக் கண்டதும் கிழவர் சிலிர்த்துக்கொண்டார்.

"ராஜாவோட ஆளுங்க முன்னாடியே வளையாத கழுத்தும்மா இது. இரும்ப வச்சு நிமித்தப் போறியா?"

தாங்கி இல்லாமலே எடுத்துப் பார்த்தார் ஓலீனே. மழை இருட்டில் கேமரா மூடியை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டியிருந்தது. தகட்டில் மோன்ஸுக்கு இரண்டு மூக்கு விழுந்தது. மறுபடி எடுத்ததிலும் அதே கதை. மதியக் கப்பலில் அவர் ஊர் திரும்ப வேண்டும். வந்தவரை முகமில்லாமல் திருப்பி அனுப்பியதாக ஓலீனேவுக்குப் பேர் கிடையாது. அடுத்த தகட்டை நனைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டார். அது காய்வதற்குள் எடுத்தாக வேண்டும். கிழவரோ அசைந்து கொடுப்பதாக இல்லை.

மூலையில் மேலங்கியை மடியில் வைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி சீசெல் எழுந்து வந்தார். நாற்காலிக்குப் பின்னால் குனிந்து மறைந்தபடி கணவரின் பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்ல தினமும் சவரத்துக்கு நாந்தானே பிடிக்கிறேன். நீ எடும்மா."

மோன்ஸின் தலை ஆடுவது நின்றது.

தகடு பளிச்சென்று வந்தது. ஒவ்வொரு சுருக்கமும் தனித்தனியாகத் தெரிந்தது. கூடவே, காலருக்கு மேல் மூன்று விரல் நுனிகள். ஓலீனேயின் முகம் சுண்டிப்போயிற்று. சுரண்டி எடுத்துவிடலாம் என்று கத்தியைத் தேடினார்.

மோன்ஸ் தகட்டின் மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"விட்டுடும்மா. அத எடுத்துட்டா கழுத்து நிக்காது."

கப்பலுக்கு அவர்கள் கிளம்பிப் போனார்கள். பிறகு மழை விட்டு, படம் காகிதத்தில் ஏறியதும் ஓலீனே வாசலுக்குப் போனார். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பிஷப்பை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, அந்த இடத்தில் மோன்ஸை வைத்து, கறுத்த விரலால் நேராக்கினார்.