ஆப்பமாவும் என் ஈஸ்ட் ஜாடியும்

பக்கத்து வீட்டு ரோசி சேச்சி ஆப்பத்துக்கு மாவு அரைக்கிற அன்று, சாயங்காலம் கையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலோடு மட்டாஞ்சேரித் தெருவில் நடந்து வருவார். உள்ளே நுரைத்துக்கொண்டிருப்பது கள்ளு. அரசாங்க உரிமம் பெற்ற கள்ளுக்கடையில் வாங்கியது. மாவு புளிக்க ஒரு கரண்டி. வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் நின்று கதை பேசுவாரே தவிர, தோளில் கிடக்கும் துண்டால்கூட அந்தப் பாட்டிலை மறைக்க மாட்டார். நான் ஜன்னல் வழியே பொறாமையோடு பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் ஃப்ரிட்ஜில் தோசைமாவுச் சட்டிக்குப் பின்னால் ஒரு கண்ணாடி ஜாடி ஒளிந்திருந்தது. அதில் இருந்ததும் மாவைப் புளிக்கவைக்கிற சாதிதான். அதை வைத்து நான் செய்த காரியத்துக்கு மட்டும் இந்த ஊரில் ஜெயில்.

ராஜபாளையத்தில் இருந்து இதை வாசிக்கிற உறவுக்காரர்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. நம் ஊரில் சரக்கு காய்ச்சுவது என்றால் முள்காடு, ஊறல் பானை, போலீஸ், பானை உடைப்பு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நியூஸிலாந்தின் தென்கோடியில் ஒரு பால்பவுடர் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன புதிதில், மளிகை வாங்கப் போன கடையில் மாவுக்கும் ஜாமுக்கும் நடுவே வீட்டில் பீர் காய்ச்சும் டப்பாவைப் பார்த்தேன். திருடன் மாதிரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கூடையில் போட்டேன். பில் போட்ட பெண் சத்தமாக, "முதல் தடவையா? பாத்திரத்தை நல்லாக் கழுவிக்குங்க" என்றாள். அந்த நாட்டில் அவரவர் குடிக்க அவரவர் வீட்டில் காய்ச்சிக்கொள்ளலாம். கேட்பாரில்லை.

என்னோடு வேலை பார்த்த ரோரிதான் தன் ஜாடியிலிருந்து ஈஸ்ட் பிரித்துக் கொடுத்தான். நம் வீடுகளில் உறைமோர் கொடுப்பதைப் போலத்தான். சனிக்கிழமைகளில் அவன் கராஜில் கூடுவோம். என் ஆங்கிலம் தொழிற்சாலையில் தட்டுத்தடுமாறும். அந்தக் கராஜில் அது பிரச்சினையே இல்லை. எந்த நாட்டுக்காரன் என்று கேட்க மாட்டார்கள், பாட்டிலில் என்ன என்று கேட்பார்கள். அங்கே ஒரே ஒரு சட்டம்தான்: பாட்டிலில் உன் பெயர், என்ன போட்டாய், எவ்வளவு போதை, எல்லாம் எழுதி ஒட்ட வேண்டும். பெயரில்லாத பாட்டிலை ஒருவரும் தொட மாட்டார்கள். கொத்துமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்டு நான் காய்ச்சிய பீரை அவர்கள் என் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். என் வாழ்க்கையில் வேறெதையும் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

விசாவை நீட்டிக்கவில்லை. மனைவி கோமதி பிறந்த மட்டாஞ்சேரிக்கு வந்து சேர்ந்தோம். கார்ப்பரேஷன் துப்புரவு வேலைக்காக முன்னொரு காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம் அவளுடையது. வீடு அவள் அண்ணன் முருகேசனுடையது. மச்சானும் கார்ப்பரேஷன் ஊழியர்தான். எனக்கு யூதர் தெருவான ஜூ டவுன் பக்கம் ஒரு சுக்கு கிட்டங்கியில் வேலை. அங்கே இந்தியனாக இருந்தவன் இங்கே வந்து, தமிழனைக் கேலியாகச் சொல்கிற 'பாண்டி' ஆனேன். காலுறைக்குள் சுருட்டிக் கொண்டுவந்த ஈஸ்ட் மட்டும் சேதமில்லாமல் வந்தது.

சட்டம் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். விற்பதற்கல்ல, வீட்டில் குடிக்க. அனுமதி ஏதாவது உண்டா என்று கலால்துறையின் எக்சைஸ் ஆபீஸுக்கே நேரே போய்க் கேட்டேன். மேசைக்குப் பின்னாலிருந்தவர் மரியாதையாக உட்காரச் சொன்னார்.

"ஹோட்டல் எத்ற ஸ்டாராணு?" எத்தனை ஸ்டார் என்கிறார். மது அனுமதி என்றாலே அவருக்கு ஸ்டார் ஹோட்டல்தான்.

"ஹோட்டல் இல்ல சார். வீடு. எனக்குக் குடிக்க."

அவர் என்னை ஒரு நோயாளியைப் போலப் பார்த்தார். "குடிக்கானாணெங்கில் கடையில் போய் வாங்ஙிச்சால் போரே?"

வாங்கிக் குடித்தால் போதாதா என்கிறார். போதாது என்பதை எந்த மொழியில் சொல்வது? நான் எழுந்து வந்துவிட்டேன். முளைக்கும் பார்லியைத் தேடிப் பிடித்து, ஈரச்சாக்கில் முளைகட்டி, மொட்டைமாடியில் காயவைத்து, அடுப்பில் ஏற்றினேன். இந்தப் புழுக்கத்துக்கு ஈஸ்ட் தாங்காது என்று, புளிக்கிற கேனைச் சுற்றி ஈரத்துணி கட்டினேன். விஷயம் தெரிந்ததும் மச்சான் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"மாப்ளே, இந்த வீட்ல வச்சுப் பிடிச்சா என்னயும் சேத்துத்தான் பிடிப்பாங்க. எம் பணி போயிரும்."

கோமதிதான் குறுக்கே வந்தாள். "அண்ணா, அவரு இங்க வந்தப்புறம் அந்த அடுப்புப் பக்கத்துல மட்டும்தான் சிரிக்காரு. கொஞ்ச நாள் இருக்கட்டும்."

அதற்கிடையில் ரோரி போனில் பேசினான். வைத்தியர் சொல்லிவிட்டார், குடியையும் காய்ச்சுவதையும் விட்டாயிற்று, கராஜைக் காலி செய்தாயிற்று என்றான். அந்த ஜாடி? அதையும் கொட்டிவிட்டானாம். அப்படியானால் அந்த ஈஸ்ட் மிச்சமிருப்பது எங்கள் ஃப்ரிட்ஜில் மட்டும்தான். எங்கள் வீட்டில் அப்காரி என்கிற மதுச் சட்டம் இருக்கிறது என்று அவனிடம் சொன்னேன். "அப்படியென்றால் கராஜில் வைத்துச் செய்" என்றான். அப்பாவி.

கிறிஸ்மஸ் வந்தது. ரோசி சேச்சி பரணி ஜாடியில் ஊறவைத்த திராட்சை ஒயினும் கேக்கும் கொண்டுவந்தார். அந்த ஒயினும் சட்டப்படி கூடாதுதான், தெருவே குடிக்கிறது. மகிழ்ச்சியில் எனக்கும் கை நீண்டுவிட்டது. பதிலுக்கு ஒரு பாட்டில் கொடுத்தேன். கராஜ் பழக்கம் விடவில்லை: என் பெயர், கொத்துமல்லி, ஆரஞ்சு, எவ்வளவு போதை, எல்லாம் முத்து முத்தாக எழுதி ஒட்டியிருந்தேன். நுணலும் தன் வாயால் கெடும்.

மறுநாள் ஓர் இளைஞன் அந்தக் காலிப் பாட்டிலோடு வந்தான். ரோசி சேச்சியின் தங்கை மகன்.

"சேட்டன் தன்னெ உண்டாக்கியதாணோ இது?"

"நானேதான்" என்றேன் பெருமையாக. பாராட்ட வந்திருக்கிறான் என்று நினைத்து, பார்லியை முளைகட்டும் பக்குவம்வரை சொல்லிக்கொண்டு போனேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"நல்ல சாதனம். சத்யம். பக்ஷே சேட்டா, ஞான் எக்சைஸிலாணு."

சரக்குப் பிடிக்கிற துறையில்தான் அவனுக்கு வேலையாம். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். இன்று எதையும் பார்க்கவில்லை, இனிமேல் பார்த்தால் பார்க்காமல் இருக்க முடியாது என்றான். பிணையில்கூட எளிதில் வர முடியாத வழக்கு என்றும் சொன்னான். "சொந்தம் குடிக்கானாணெந்நு நியமம் சோதிக்கில்ல" என்றான். உனக்கா, ஊருக்கா என்று சட்டம் கேட்காதாம். லேபிளைக் கவனமாக உரித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அவன் மிரட்டியிருந்தால் கோபமாவது பட்டிருப்பேன்.

அன்றே எல்லாவற்றையும் கொட்டினோம். மச்சான் ஒரு வார்த்தை திட்டவில்லை. சாக்கடையோடு ஆயுளைக் கழித்தவர் அல்லவா, பக்கத்தில் நின்று, "ஒரேயடியா ஊத்தாதீங்க மாப்ளே, ஓடையில வாசம் நிக்கும். வெள்ளம் விட்டு விட்டு ஊத்துங்க" என்றார். நான் ஊற்ற ஊற்ற அவர் வாளித் தண்ணீர் விட்டார். ஆரஞ்சுத் தோல் வாசம் எழுந்து அடங்கியது. அழுகை வந்தது. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

ஜாடியை மட்டும் கொட்டவில்லை. ஈஸ்ட் வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் அது உயிரோடிருக்க வேண்டுமென்றால் முளைகட்டிய பார்லிக் கஞ்சி ஊற்ற வேண்டும். ஊற்றினால் புளித்து பீராகிவிடும். பட்டினி போட்டால் செத்துப்போகும், சோறு போட்டால் குற்றம். தினமும் காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தேன். அடியில் வண்டல் கறுத்துக்கொண்டே வந்தது. பார்க்கச் சகிக்காமல் ஒருநாள் ரோசி சேச்சியிடம் கொடுத்துவிட்டேன். "கள்ளுக்குப் பதிலா இதை ஊத்துங்க, சேச்சி."

மறுநாள் காலையில் தட்டு வந்தது. பொங்கியிருந்தது ஆப்பம். நடுவில் பஞ்சாக, ஓரம் முறுகலாக. கடித்ததும் ரோரியின் கராஜ் வாசம் லேசாக வந்தது. என் மூக்கின் பிரமையாகவும் இருக்கலாம். அடுப்புச் சூட்டில் ஈஸ்ட் சாகும் என்பது எனக்குத் தெரியும். அந்த நாட்டில் எனக்கென்று இருந்த கடைசி உயிரைத்தான் தேங்காய்ப்பால் தொட்டுத் தின்றுகொண்டிருந்தேன்.

ரோசி சேச்சி மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். "எங்ஙனெயுண்டு?"

"நல்லா இருக்கு, சேச்சி."

"ஞான் அது முழுவன் ஒழிச்சு. இனியும் உண்டோ?"

ஜாடி முழுவதையும் மாவில் ஊற்றிவிட்டாராம், இன்னும் இருக்கிறதா என்கிறார். இல்லை என்று தலையசைத்தேன். வாயில் ஆப்பம் இருந்தது.