செக்கிங் சம்பந்தியின் ரோஜா கஸ்டர்ட்

பால் சட்டியின் மூடியை என் சம்பந்தி ஐந்தாவது தடவையாகத் திறந்தார். உள்ளே சூடான பாலில் ரோஜா இதழ்கள் ஊறிக்கொண்டிருந்தன. அரை மணி நேரம் மூடியே கிடக்க வேண்டும். அவர் மூக்கைக் கிட்டே கொண்டுபோய் இழுத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஏறல" என்றார். எப்படி ஏறும்? வாசனை எல்லாம் வெளியே வந்து ஹாலில் சோபாமேல் உட்கார்ந்திருந்தது. பாலுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை.

முப்பத்தோரு வருஷம் பஸ்களில் ஏறி டிக்கெட் பரிசோதித்தவர். இப்போது பஸ் விட்டுப் போய்விட்டது, பரிசோதனை மட்டும் விடவில்லை. என் மருமகளின் அப்பா. பேத்தி பிறந்ததும் ஒரு மாதம் எங்களோடு தங்க வந்தார். வந்த அன்றைக்கே குழந்தையின் துணியை விலக்கிக் கால் விரல்களை எண்ணினார். "பத்து. சரியா இருக்கு." மறுநாள் காலையிலும் எண்ணினார். நேற்று இருந்த விரல் இன்றைக்கு எங்கே போகும் என்று கேட்டேன்.

"பாத்தாத்தானே தெரியும், சம்பந்தி" என்றார்.

எனக்கு எண்ண வேண்டிய அவசியமே இல்லை. பத்தும் என் விரல்களை உரித்து வைத்ததுபோல இருக்கும். கட்டைவிரல் மேல்நோக்கி வளைவது எங்கள் வீட்டு வளைவு. இதைச் சொன்னால் அவர் குழந்தையின் காலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உறுதியாச் சொல்ல முடியாது" என்பார்.

ஒல்லியான ஆள். நடு வீட்டில் நிற்கும்போதும் காலை அகட்டித்தான் நிற்பார், தரை எந்த நேரமும் பிரேக் போடலாம் என்பதுபோல. ஒரு கை தானாக மேலே போய்க் கம்பியைத் தேடும். எங்கள் சமையலறையில் அதற்கு அலமாரிக் கதவுதான் அகப்பட்டது. வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் கொஞ்சம் நீளமாக விட்டிருப்பார். பார்த்துத் திருப்தியான டிக்கெட்டின் ஓரத்தை அந்த நகத்தால் ஒரு கிள்ளு கிள்ளித் திருப்பிக் கொடுப்பது அவர் பழக்கம். இங்கே வந்த பிறகு மளிகை ரசீது, மருந்துச் சீட்டு, கரண்ட் பில் எல்லாவற்றுக்கும் கிள்ளு விழுந்தது. குழந்தையின் தடுப்பூசி அட்டையைப் பார்த்த நர்ஸ், "வீட்ல எலி இருக்கா?" என்று கேட்டாள்.

இவர் கஸ்டர்ட் செய்யக் கிளம்பியதற்குக் காரணம் உண்டு. மருமகள் மாசமாக இருந்தபோது எதைத் தின்றாலும் வாந்தி. அவள் ஆபீஸ் பக்கத்து பேக்கரியில் கிடைத்த ரோஜா கஸ்டர்ட் ஒன்றுதான் வயிற்றில் தங்கியது. அந்த பேக்கரியை மூடிவிட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகும் அவளுக்கு அதே நினைப்பு. ஒருநாள் என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "உங்கப்பா சும்மாத்தானே இருக்காரு, செஞ்சு தரச் சொல்லேன்" என்றாள் என் மனைவி.

மருமகள் சிரித்தாள். "அப்பாவா? நல்லாக் கேட்டீங்க அத்தை. இருபத்தொம்பது வருஷத்துல எனக்கு ஒரு டீ போட்டுக் குடுத்ததில்ல. என் மார்க் ஷீட்டை மட்டும் திருப்பித் திருப்பிப் பாப்பாரு."

அவர் அப்போது கதவுக்குப் பின்னால், கீல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் இரண்டு டஜன் முட்டையோடு வந்தார். என்னிடம் மட்டும் சொன்னார்: "ஊருக்குப் போறதுக்குள்ள ஒரே ஒரு கப்பு, சம்பந்தி. ஒழுங்கா ஒரு கப்பு அவ கையில குடுத்துட்டுப் போயிடணும்."

செய்முறையைப் போனில் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். இதழ் ஊறிய பாலை வடிகட்டி, மஞ்சள் கருவும் சர்க்கரையும் அடித்ததில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். கிண்ணங்களில் நிரப்பி, மேலே அலுமினியத் தாளை மூடி, வெந்நீர்த் தட்டில் நிறுத்தி ஓவனுக்குள் வைக்க வேண்டும். கடைசி வரி: நாற்பது நிமிடம் கதவைத் திறக்கக் கூடாது. அதற்குச் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டவரும் அவர்தான்.

முதல் தடவை பதினோரு முறை திறந்தார். வந்தது பால். இரண்டாம் தடவை, திறக்கிறபோது போகிற சூட்டை ஈடுகட்ட ஓவனைக் கூட்டி வைத்தார். முட்டை திரிந்து கட்டி கட்டியாகக் கிடந்தது. மூன்றாம் தடவை வெந்ததா வெந்ததா என்று கத்தியால் குத்தியதில் ஆறு கிண்ணமும் கொசுவலையாகின. திருப்தி வந்திருந்தால் கிண்ணத்தை மூடிய தாளின் ஓரத்தில் நகத்தால் கிள்ளியிருப்பார். மூன்று தடவையும் ஒரு தாளுக்கும் கிள்ளு விழவில்லை. பால்கனியில் நான் வளர்க்கும் ரோஜாச் செடியில்தான் முள்ளும் நாலைந்து பூவும் மட்டும் மிச்சம்.

"மாமா, உள்ள யாரும் டிக்கெட் இல்லாம ஏறல. விட்டுடுங்க" என்றான் என் மகன்.

"அதைக் கதவைத் திறக்காம எப்படி மாப்பிள்ளை சொல்றது?"

ஒவ்வொரு தடவையும் மருமகள் ஒரு ஸ்பூன் வாயில் போட்டுக்கொண்டு, "பரவாயில்லப்பா" என்றாள். அதுதான் அவருக்கு ஆகவில்லை. பால்கனியில் வந்து என்னிடம் பொரிந்தார். "பரவாயில்லன்னா என்ன அர்த்தம்? டிக்கெட் இருக்கா இல்லையா, ரெண்டுல ஒண்ணுதானே?"

ஞாயிற்றுக்கிழமை காலை அவருக்கு பஸ். டிக்கெட் ஒரு வாரமாகச் சட்டைப் பையில் இருந்தது. ஒரு நாளைக்கு நாலு தடவை எடுத்துத் தேதியைப் பார்ப்பார். கசங்கிவிடும் என்று அந்தப் பையில் பேனாகூட வைப்பதில்லை. சனிக்கிழமை மத்தியானம் நாலாவது முயற்சி. செடியின் கடைசிப் பூக்கள் அதில் போயின.

கிண்ணங்களை ஓவனில் வைத்துக் கதவைச் சாத்தி அவர் நிமிரவும், மருமகள் குழந்தையோடு வந்தாள். காலையிலிருந்து வயிற்று வலியில் அழுதுகொண்டே இருந்த குழந்தை. "அஞ்சு நிமிஷம் பிடிங்கப்பா, குளிச்சிட்டு வந்துடறேன்" என்று கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து மார்பில் சாய்த்துக்கொண்டார். பேத்தி இரண்டு விக்கல் விக்கி, அவருடைய வலது கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

தலையில் துண்டோடு வெளியே வந்தவள் அப்படியே நின்றாள். "அப்பா, அசையாதீங்க. இப்பதான் தூங்கறா. எழுந்தீங்கன்னா நான் உக்காந்து அழுதுடுவேன்." சொல்லிவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துவிட்டாள்.

அந்த நாற்காலியிலிருந்து ஓவன் நன்றாகத் தெரியும். எட்டாது.

"சம்பந்தி" என்றார் மெதுவாக.

"சொல்லுங்க."

"லேசா ஒரு தடவை... கதவு."

"மூடித்தான் இருக்கு."

"அது தெரியுது. உள்ள."

"எனக்கு முட்டி வலி."

"காலைல மூணு தடவை மாடி ஏறினீங்களே."

"அதனாலதான்."

ஓவனையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "குழந்தையையாவது வாங்கிக்குங்க" என்றார். வேறு நாளாக இருந்தால் அவர் வாய் மூடுமுன் பிடுங்கியிருப்பேன். இருபத்தாறு நாளில் அவள் என் மார்பில் இவ்வளவு நேரம் தூங்கியதே இல்லை. "கை கழுவல" என்று சொல்லிவிட்டு பேப்பரை விரித்துக்கொண்டேன்.

அவர் கழுத்து நீண்டது. நெற்றி வேர்த்தது. சும்மா இருந்த இடது கை மேலே போய்க் காற்றில் கம்பியைத் தேடிவிட்டு இறங்கியது. ஒரு கட்டத்தில் குனிந்து பார்த்தார். குழந்தையின் ஒரு காலில் சாக்ஸ் கழன்றிருந்தது. அந்த ஐந்து விரலையும் உதடு மட்டும் அசைய எண்ணினார். மறுபடியும் எண்ணினார். அதற்குப் பிறகு அவர் ஓவன் பக்கம் திரும்பியதை நான் பார்க்கவில்லை.

மணி அடித்ததும் என் மகன் தட்டை வெளியே எடுத்தான். ஒரு கிண்ணத்தை ஆட்டிக் காட்டினான். ஓரம் உறைந்து, நடுவில் மட்டும் லேசாக ஒரு நடுக்கம். "மாமா, இந்த தடவை பஸ் நேரா வந்து சேந்துருச்சு" என்றான்.

ஆறிய பிறகு மருமகள் ஒரு கிண்ணத்தோடு வந்து அப்பாவின் நாற்காலிக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். தாளைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். முதல் ஸ்பூன். இரண்டாவது ஸ்பூன். அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

"எப்படி இருக்கு?"

"இருங்கப்பா."

"பரவாயில்லையா?"

"பேசாம இருங்க. அவ எழுந்துடுவா."

அடி வரை வழித்துச் சாப்பிட்டாள். பிறகு மடியிலிருந்த தாளை எடுத்து விரலால் தேய்த்துச் சமமாக்கி, தன் கட்டைவிரல் நகத்தால் அதன் ஓரத்தில் ஒரு கிள்ளு கிள்ளினாள். "இந்தாங்க" என்று நீட்டினாள்.

அவர் இடது கையால் வாங்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முன்னால் பார்த்தார், திருப்பிப் பின்னால் பார்த்தார், கிள்ளிய இடத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். அப்புறம் கஸ்டர்ட் ஒட்டியிருந்த அந்தத் தாளை, மறுநாள் பஸ் டிக்கெட் இருந்த சட்டைப் பைக்குள் அதோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.